ஏர் ஃபில்டரை மாற்றியதால் டர்போவுக்கு வாரன்டி போய்விடுமா?

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காரில் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, காற்றை அதிகம் இழுக்கும் திறந்த கூம்பு ஃபில்டரும் புதிய குழாயும் பொருத்தினேன். எட்டு மாதத்தில் டர்போ பழுதாகிவிட்டது. கம்பெனி தயாரிக்காத வெளிப்பாகம் போட்டதால் வாரன்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். இது சட்டவிரோத மாற்றம், போலீசிலும் சிக்குவீர்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: பழுதான டர்போவை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் பாகத்தை, எக்காரணம் கொண்டும் கைவிட்டுப் போக விடாதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அதுதான். அதைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்.

அந்த ஃபில்டர்தான் டர்போவைக் கெடுத்ததா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. காற்றை அமுக்கும் சக்கரத்தின் இதழ்கள் முன்விளிம்பில் தேய்ந்து மழுங்கியிருந்தால், தூசி உள்ளே போயிருக்கிறது. பழி ஃபில்டர் மேல் விழும். அந்தச் சக்கரம் சுழலும் தண்டு ஆட்டம் கண்டு, எண்ணெய் வரும் குழாயில் கரி படிந்து அடைத்திருந்தால், எண்ணெய் போதாமல் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை. தண்டு ஆடினால் இதழ்களின் ஓரம் உறையில் உரசித் தழும்பாகும். அதைக் காட்டித் தூசித் தேய்மானம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஆயில் மாற்றிய பில்கள் அத்தனையும் இங்கே தேவைப்படும்.

அமெரிக்காவில், வெளிப்பாகம் போட்டதையே காரணம் காட்டி வாரன்டியை மறுப்பதற்கு 1975 முதல் தனிச்சட்டம் தடையாக இருக்கிறது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை என்பதால், வாரன்டி புத்தகத்தின் வாசகமே பேசும். 'மாற்றத்தால் விளைந்த பழுதுக்குப் பொறுப்பில்லை' என்று இருந்தால், அப்படி விளைந்தது என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது என்று நீங்கள் வாதிடலாம். 'எந்த மாற்றம் செய்தாலும் முழு வாரன்டியும் ரத்து' என்று இருந்தால் வழி கடினம். அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கலாம். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். எந்த நிபந்தனையின்படி, என்ன தொழில்நுட்பக் காரணத்தால் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலைக் கார் கம்பெனிக்கும் அனுப்புங்கள். எழுதித் தர வேண்டும் என்ற நிலை வந்ததுமே சமரசம் பேச வருகிறவர்கள் உண்டு. வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதம் இல்லாத புகாருக்கு, காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, பழுதான பாகத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாகமே இல்லையென்றால் எதை அனுப்புவார்கள்?

போலீஸ் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. ஃபில்டர் மாற்றத்தால் பதிவுச் சான்றிதழில் ஒரு வரியும் மாறுவதில்லை. ஆகவே இந்தப் பிரிவு உங்கள் மேல் எளிதில் பாயாது என்பது என் கருத்து. ஆனால் அனுமதியில்லாத மாற்றம் என்று கண்டால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். திறந்த ஃபில்டரின் உறிஞ்சல் சத்தம் பலமாகக் கேட்கும்; ஒலி, புகை விதிகளை மீறினால் 190-ஆவது பிரிவும் இருக்கிறது. வழக்கு முடியும்வரை பழைய பெட்டியையே மாட்டி ஓட்டுங்கள். கழற்றிய ஃபில்டரையும் பத்திரமாக வைத்திருங்கள், அதுவும் சாட்சிதான்.

இன்சூரன்ஸில் டர்போவுக்குப் பணம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இயந்திரக் கோளாறு வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டது.

கடைசியாக நான் உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கூட்டியிருந்தால், மேலே சொன்ன வாதங்களில் பெரும்பகுதி நிற்காது. வழக்கறிஞர் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.