தம்பதியர் தயங்கித் தயங்கிக் கேட்டவை: எச்.ஐ.வி. ஆலோசகரின் பதில்கள்

குளச்சலிலிருந்து ஒருவர்: அக்கா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மனைவிக்கு இல்லை. பயந்துபோய் தனித்தனியாகப் படுக்கிறோம். இப்படியேதான் காலம் தள்ள வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தென்படாத நிலை வந்து, அது நிலைத்தும் நின்றால் உடலுறவால் மனைவிக்குத் தொற்றாது. 2016-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 888 இணையர் ஏறக்குறைய 58,000 முறை ஆணுறையின்றி உறவு கொண்டிருந்தார்கள். இணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அடுத்த முறை எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஆசாரிப்பள்ளம் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடிவை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். அதுவரை ஆணுறை போதும், விலகிப் படுக்க வேண்டாம்.

தூத்தூர் மீனவர்: ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதம் தாண்டிவிடும். இடையில் மாத்திரை தீர்ந்தால்?

தீர விடாதீர்கள். புறப்படும் முன்பே மையத்தில் சொல்லிச் சேர்த்து வாங்குங்கள். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குச் சில மாதங்களுக்கானதை மொத்தமாகத் தருவதுண்டு. உப்புத் தண்ணீர் படாதபடி இறுக்கி மூடிய டப்பாவில் வையுங்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால், கரைக்கு வந்ததும் மையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். மறு பரிசோதனை வரை ஆணுறை கட்டாயம். கடலிலிருந்து வந்த அன்று இரவு இதைச் சொல்வது கடினம் என்று தெரியும். படகு ஏறும் முன்பே மனைவியிடம் பேசி வையுங்கள்.

கருங்கல் சகோதரி: ஆணுறை அடிக்கடி கிழிகிறது. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம்.

அந்த எண்ணெய்தான் காரணமாக இருக்கும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டிலைத்தான் எடுப்போம். இதற்கு மட்டும் எடுக்காதீர்கள். மருந்துக்கடையில் தண்ணீர் கலந்த ஜெல் கிடைக்கும். கிருமி கட்டுப்படாத நிலையில் ஆணுறை கிழிந்தால், தொற்று இல்லாதவர் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் தம்பதி: எங்கள் இருவருக்குமே இருக்கிறது. குழந்தை ஆசைப்படலாமா?

தாராளமாக. இருவருக்கும் கிருமி கட்டுப்பட்ட பிறகு முயலுங்கள். கர்ப்பத்திலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது; பிறந்த குழந்தைக்கும் சில வாரம் மருந்து தருவார்கள். பிறப்புறுப்பில் புண்ணோ, நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை எடுங்கள்.

பெயர் சொல்லாதவர்: ஊருக்குத் தெரிந்துவிடுமோ?

உங்கள் சம்மதமின்றி உங்கள் நிலையை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. நேரில் வரத் தயக்கமா? எச்.ஐ.வி. உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.