பைனாகுலரைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுங்கள், அம்மா

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பிளஸ் ஒன், பயாலஜி-மேத்ஸ் குரூப். லீவு நாளில் விடிந்தால் மதுராந்தகம் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போய்விடுகிறான். காலாண்டில் பிசிக்ஸ் மார்க் இறங்கியதும் பைனாகுலரைப் பீரோவில் பூட்டிவிட்டீர்கள். "செய்தது சரிதானே?" என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்பில் என் கேரம் போர்டை அப்பா பரண்மேல் ஏற்றினார். போர்டு ஏறியது, மார்க் ஏறவில்லை.

முதலில் பிசிக்ஸைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பிளஸ் ஒன்னுக்கு வந்ததும் வெக்டர், கால்குலஸ் எல்லாம் திடுமென்று முன்னால் வந்து நிற்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே முதல் பரீட்சையில் தடுமாறுவார்கள். அதற்கு மருந்து, அந்தப் பாடத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். ஏரிக்கரை இதில் குற்றவாளி இல்லை.

இரண்டு மணி நேரம் அசையாமல் கரையில் உட்காரும் பையனுக்குக் கவனக்குறைவு என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் சதுரங்கம் ஆடுபவர்கள், பாறை ஏறுபவர்கள் என்று பலரிடம் பேசி, ஒரு வேலையில் நேரம் போவதே தெரியாமல் மூழ்கும் நிலையை ஆராய்ந்தார். வேலை நம் திறமைக்குச் சற்றே சவாலாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும் என்பது அவர் கண்டது. பறவை பார்ப்பதில் இரண்டும் உண்டு. உட்கார்ந்திருக்கும் மடையான் மண் நிறம். பறந்தால் இறக்கை வெள்ளை, கொக்கு என்று ஏமாந்துவிடுவோம். அது பழகிய பிறகு ஒன்றைப்போல ஒன்று இருக்கும் உள்ளான் என்ற கரைப்பறவைகளில் எது எது என்று மண்டை காயும். ரீல்ஸ் பார்க்கும்போதும் நேரம் போவது தெரியாதுதான், ஆனால் அதில் போன மாதத்தைவிட இந்த மாதம் எதுவும் கூடுதலாகத் தெரிந்திருக்காது.

அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். அவன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, நேரம், எந்தப் பறவை, எத்தனை என்று எழுதியிருந்தால் பையன் உண்மையாகவே மூழ்கியிருக்கிறான். வெறும் போட்டோவும் நண்பர்களோடு டீக்கடையும்தான் என்றால், அப்போது வேறு மாதிரி பேசலாம்.

"இதில் வேலை கிடைக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பறவையியலாளர் சாலிம் அலி கதையை முழுதாகச் சொல்கிறேன், பாதியை மட்டும் சொல்பவர்கள் அதிகம். பெர்லினில் பயிற்சி முடித்து 1930-இல் அவர் திரும்பியபோது பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலையே இல்லை. கீஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும், ஆண் அந்தக் கூட்டை முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதை அவர் எழுதியபோதுதான் பறவையியலாளர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் முறையான பட்டம் இல்லாததால் அரசு வேலை ஒன்று அவர் கையைவிட்டுப் போனதும் உண்மை. ஆசையோடு பட்டமும் வேண்டும் என்று தம்பியிடம் நானே சொல்கிறேன்.

வழிகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் இளநிலை படிக்கலாம். சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் முக்கியம், ஆக பிசிக்ஸை விட முடியாது! விலங்கியல் பட்டம் முடித்தால் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு என்று போகலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அவன் கடைசியில் டாக்டரானாலும் இன்ஜினியரானாலும் இந்தப் பழக்கத்தால் நஷ்டமில்லை. இப்போதே அதை வேலையாக்கச் சொல்லி நெருக்காதீர்கள். பிடித்த விஷயமும் ஒரு டியூஷன் ஆகிவிடும்.

சனி, ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை அவனுக்கு விட்டுவிடுங்கள். "தொண்ணூறு வாங்கினால்தான் பைனாகுலர்" என்ற பேரம் வேண்டாம். இந்த ஞாயிறு நீங்களும் ஒரு ஃபிளாஸ்க் காபியோடு கூடப் போங்கள், அவனையே காட்டச் சொல்லுங்கள். அப்புறம் என்னைப் பார்க்க வரும்போது மார்க் ஷீட்டோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.