அந்தப் படத்தை இறக்கச் சொல்லுங்கள்

வணக்கம் மேடம்,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இரண்டு வருடமாக ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளிடம் பேசுவது, கேஸ் ஃபைல் எழுதுவது, பள்ளிக்கூடத்துக்கும், இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவுக்கும் போய்வருவது எல்லாம் நான்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது நன்கொடை கேட்டு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பதிவு போடுவார்கள். இந்த முறை ஃபைலிலிருந்து ஐந்து பிள்ளைகளின் கதையை ‘மனசைத் தொடுற மாதிரி’ எழுதித் தரச் சொன்னார்கள். முடியாது என்றேன். வேறொருவரை வைத்து எழுதிப் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் புத்தகப் பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே அவள் ஏன் இல்லத்துக்கு வந்தாள் என்ற கதை. [இங்கே ஆறு வரிகளை எடுத்துவிட்டேன்.] கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து, வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. ‘அக்கா, நீங்கதானே சொன்னீங்க?’ என்று என்னிடம் கேட்டாள்.

நிர்வாகியிடம் பேசினேன். ‘பேரை மாத்தித்தானே போட்டிருக்கு, பாட்டிகிட்ட கையெழுத்தும் வாங்கியாச்சு, டோனர் இல்லைன்னா நாளைக்கு உலை வைக்க முடியுமா’ என்றார். அவர் கெட்டவர் இல்லை. பல வருடமாகத் தன் சம்பளத்தைக்கூட எடுக்காமல் நடத்துகிறார். எனக்குத்தான் அனுபவம் போதவில்லையா?

இன்னொன்று. ஒரு பையன் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். [இங்கும் சில வரிகளை எடுத்துவிட்டேன்.] அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவதா?

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள தோழிக்கு,

இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன், அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. உங்களைப் போல நிற்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின் கீழ் அதுவே குற்றம், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கிற நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. நீங்கள் சத்தியம் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன், அழுதுகொண்டு நிற்கிற பிள்ளை கையை நீட்டினால் யாருக்கும் மறுக்க மனம் வராது. ஆனால் இனி பேச உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: ‘நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா உன்னை யாராவது நோகடிச்சிருந்தா அதை நிறுத்துறதுக்கு ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டி வரும், யார்கிட்டன்னு உன்கிட்ட முதல்லயே சொல்லிடுவேன்.’ இப்படிச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நானும் பயந்திருக்கிறேன். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, நிறுத்த முடிகிற ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இனி அந்தப் படம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவை அச்செடுத்து நிர்வாகியின் மேஜையில் வையுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு எந்த விவரம், படம், இதில் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். பத்திரிகைக்கு மட்டும் உள்ள தடை இல்லை இது, மற்ற எல்லாத் தகவல் தொடர்பு வடிவங்களையும் சேர்த்தே சொல்கிறது, ஆகவே வாட்ஸ்அப்பும் அதில் வரும். பாட்டி கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அதில் எங்கேயும் இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமமோ குழந்தைகள் நலக் குழுவோ, குழந்தையின் நலனுக்கு அது தேவை என்று கருதி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும்.

அந்தக் கையெழுத்தை எப்படி வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேத்தியைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில், சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து நாலைந்து தாளில் ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு’ என்று காட்டியிருப்பார்கள். மறுத்தால் பேத்திக்கு இடம் கிடைக்காதோ என்ற பயம் உள்ள இடத்தில் எதைக் காட்டினாலும் அந்தக் கிழவி கையெழுத்துப் போடுவாள். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாதவளிடம் வாங்கியதைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பெயரை மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், நான் இருந்த தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு ஒரு பெண்ணின் கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன். ஊர் இருந்தது, தையல் மிஷின் இருந்தது, இரண்டு பெண் பிள்ளைகள், கணவருக்கு வந்த நோய், எல்லாம் இருந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு தையல்காரிதான். அறிக்கை எப்படியோ அவளுடைய சொந்தக்காரர் கைக்குப் போய், மூத்த பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோனது. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் திட்டவில்லை. ‘நீங்க எழுதினது ஒண்ணும் பொய் இல்லையே மேடம்’ என்றாள். அவள் என்னிடம் அதைச் சொன்னது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதவும். அதற்குத் தேவைப்பட்டதால் சொன்னாள். நான் அதை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டேன். முகத்தை மறைத்துவிட்டு யூனிஃபார்மையும் வாசல் போர்டையும் விட்டுவைக்கிற படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள்தான் ஞாபகம் வருகிறாள்.

உலை வைக்க வேண்டும், உண்மைதான். அந்த நிர்வாகியின் கவலையை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, மாதக் கடைசியில் மளிகைக்காரருக்குப் பதில் சொல்வது அவர்தான். ஆனால் கொடுக்கிறவருக்கு நாம் கடன்பட்டிருப்பது கணக்கு. அரிசி எத்தனை மூட்டை, எந்தக் கடை, பள்ளிக் கட்டண ரசீது, ஆடிட்டர் அறிக்கை, எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள், இதையெல்லாம் தயங்காமல் காட்டலாம். படம் வேண்டுமா, சமையல்கட்டை எடுங்கள், அடுக்கி வைத்த நோட்டுகளை எடுங்கள், புதிதாகக் கட்டிய கழிப்பறையை எடுங்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி செல்ஃபி எடுக்க ஆசைப்படுவார்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டு உள்ளே விடுகிற ஒரு இல்லத்தில் நான் சில வருடம் இருந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள் உண்டு. அப்போதும் அங்கே ஒரு வேளையும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை.

அனுபவம் போதவில்லையா என்று கேட்டீர்கள். இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடம் இருந்தவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1936இல் பம்பாயில், பிறகு டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆன கல்லூரியில், இந்தப் படிப்பு தொடங்கியது. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கியது 1952இல். இத்தனை காலம் ஆகியும் வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு மன்றம் சட்டப்படி இல்லை. மருத்துவமனை, மனநலப் பிரிவுகளில் இருக்கும் சமூகப் பணியாளர்களை 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் தன் பட்டியலில் சேர்த்தது. உங்களைப் போல இல்லத்தில் இருப்பவர்களைக் கேட்க ஆளில்லை. 1997இல் சமூகப் பணி ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு அறநெறி அறிக்கை எழுதினார்கள், வகுப்பில் படித்திருப்பீர்கள், ஆனால் அதை மீறினால் உரிமம் போகும் என்ற நிலை இல்லை, உரிமமே இல்லையே. அதோடு நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிற எல்லோரும் ‘சமூக சேவகர்’. சேவை என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர் நன்றியோடு நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது, பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்வது அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் நிர்வாகி நல்லவராக இருந்தும் இதைச் செய்தார் என்றால் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுத மறுத்தது சரி. ஆனால் எழுதியவருக்கு விவரம் எங்கிருந்து கிடைத்தது? ஃபைல் உங்களுடையது. அலமாரிச் சாவி ஆபீசில் ஆணியில் தொங்குகிறதா, கம்ப்யூட்டரில் எல்லோரும் திறக்கிற ஃபோல்டரில் இருக்கிறதா? அந்தப் பெண் உங்களைக் கேட்ட கேள்வியின் பாதி நியாயம் அங்கே இருக்கிறது. யார் எந்த ஃபைலைப் பார்க்கலாம், பார்த்தால் எந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை இந்த வாரமே எழுதி ஒட்டவையுங்கள்.

பதிவை இறக்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. பகிர்ந்தவர்களிடமும் நீக்கச் சொல்லி நிர்வாகியே கேட்க வேண்டும். மற்ற நான்கு பிள்ளைகளின் பதிவுகளையும் சேர்த்துத்தான். ஒரு நாள் பாருங்கள், இறக்கவில்லை என்றால் நலக் குழுவிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் சொல்லுங்கள். வேலை போகலாம், அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த இல்லத்தில் அவள் பக்கம் நின்று பேசச் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

அப்புறம் அவளிடம் போய் உட்காருங்கள். ‘நான் சொல்லலை’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஃபைலில் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், எது இருக்க வேண்டாம் என்று அவள் சொல்லட்டும், சட்டப்படி இருந்தே ஆக வேண்டியது எது, ஏன் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். படம் இறங்கியதும் உங்கள் போனிலேயே தேடிக் காட்டுங்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அதை இங்கே வெளியிட மாட்டேன்.