சுடும் தார்ச் சாலையும் வலிக்காத கொப்புளமும்

கேள்வி: 62 வயதான என் அப்பாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். நேற்று நண்பகலில் செருப்பில்லாமல் தார்ச் சாலையில் சிறிது தூரம் நடந்துவிட்டார். உள்ளங்காலில் கொப்புளம் எழுந்திருக்கிறது. நல்லவேளையாக வலியே இல்லை. வீட்டிலிருந்த களிம்பைத் தடவியிருக்கிறோம். தார்ச் சாலை உண்மையில் எவ்வளவு சுடும்? தாரின் நச்சு ரத்தத்தில் கலக்கும் என்று இணையத்தில் படித்தேன். பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: வலியில்லாததை நல்லவேளை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அதுதான். கொப்புளம் எழும் அளவுக்குச் சுட்டால் எவரும் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடியிருப்பார்கள். அவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். சர்க்கரை நோயால் கால் நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். தீக்காயம் தோலின் ஆழம் வரை இறங்கியிருந்தாலும் வலி தெரியாது. எதுவானாலும் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நச்சுக் கவலையை விட்டுவிடுங்கள். இறுகிய சாலையில் சற்று நேரம் நடந்ததால் தார் ரத்தத்தில் ஏறாது. சுட்டது வெப்பம் மட்டுமே.

அந்த வெப்பம் சாதாரணமானதல்ல. வானிலை அறிக்கை சொல்வது நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. கறுத்த தார்ப் பரப்போ தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்கிறது. மேகமும் காற்றும் இல்லாத நண்பகலில் அறிக்கை எண்ணோடு 20 முதல் 30 டிகிரி வரை கூட்டிக்கொள்ளுங்கள்: 35 டிகிரி நாளில் சாலை 55 முதல் 65 வரை இருக்கும். 60 டிகிரிப் பரப்பில் சில நொடிகள் தோல் அழுந்தியிருந்தாலே ஆழமான தீக்காயம் உண்டாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் சாலை உடனே ஆறிவிடாது. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லையென்றால் அங்கே வெறுங்கால் கூடாது. ஆனால் இந்தச் சோதனையை அப்பா செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். அவர் கையும் மரத்திருக்கலாம்.

களிம்பை நிறுத்துங்கள். எரிச்சலுக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று என்று வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துத் தடவிவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சீழ் பிடித்த காலோடு வருபவர்களைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. பற்பசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காலை வைத்திருப்பது. ஐஸ் கட்டி கூடாது. நேற்று நடந்த காயத்துக்கு அந்த நேரம் கடந்துவிட்டது.

மருத்துவர் புண்ணைப் பார்ப்பதோடு, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். இழை வளையும் வரை அழுத்தியும் 'தொடுகிறீர்கள்' என்று அவர் சொல்லாத இடங்களில் உணர்வு போய்விட்டது என்று பொருள். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், மேலேறும் சிவப்பு, கறுக்கும் தோல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.