மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு அடைப்பு வராதா?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 152 செ.மீ., எடை 104 கிலோ. கணவரும் பருமன்தான். அவருக்கு மட்டும் இதயப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். 'உனக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லை, ரத்தக்குழாய் அடைப்பெல்லாம் வராது' என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இரண்டு பிரசவத்திலும் சர்க்கரை இருந்தது. நான் பயப்பட வேண்டுமா டாக்டர்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பயம் வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். கணவரோடு நீங்களும் கிளம்புங்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மாதவிலக்கு நிற்கும்வரை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், ரத்தக்குழாய்கள் விறைத்துப் போகாமல் காக்கிறது. கொழுப்பையும் பெரும்பாலும் இடுப்பு, தொடைப் பக்கம் சேர்க்கிறது. ஆண்களுக்கோ அது வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேருகிறது. அந்தக் கொழுப்புதான் பொல்லாதது. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, ரத்தக்குழாயின் உட்சுவர் புண்படும். ஆண்களுக்கு மாரடைப்பு ஏழெட்டு ஆண்டு முந்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, 45. நம்மவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே பருமன் என்றுதான் கணக்கு. இவ்வளவு எடையில் கொழுப்பு இடுப்போடு நிற்காது, வயிற்றுக்குள்ளும் சேர்ந்துவிடும். பிரசவத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம். அது வந்துவிட்டால், பெண் என்பதால் கிடைத்த பாதுகாப்பு பெருமளவு போய்விடுகிறது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பி.பி., சர்க்கரை பார்க்கப் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பி.பி. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். "பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கொழுப்பு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகலாம். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரிடம் கேளுங்கள். அதுவும் பி.பி.யை ஏற்றும்.

எடையில் ஐந்து கிலோ முதல் பத்து கிலோ குறைந்தாலே பி.பி.யும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். காசிமேட்டு மீனை விட வேண்டியதில்லை, வறுக்காமல் குழம்பாகச் சாப்பிடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், குறையுங்கள். சோற்றைப் பாதியாக்கிக் காய் கூட்டுங்கள். முழங்கால் வலித்தால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடங்கள். உங்கள் எடைக்கு, எடை குறைக்கும் அறுவை சிகிச்சையும் முறையான ஒரு வழிதான். அது சோம்பேறிகளின் வழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம், மாரடைப்பு வந்தால் பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சிலசமயம் அது இல்லாமலேயே, மூச்சிரைப்பு, குமட்டல், தாடை அல்லது முதுகில் வலி, காரணமில்லாத அசதி வரும். பலர் கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எந்த நேரமானாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.