டிக்கெட் டிராக்கரை மாற்றலாமா? எந்தப் புது வசதிக்காக?

கேள்வி: எங்கள் டீமில் பத்துப் பேர். பல வருடமாக மேன்டிஸ் என்ற டிராக்கரில்தான் மென்பொருள் பிழைகளை டிக்கெட்டுகளாகப் பதிகிறோம். கிட்ஹப், ஜிரா போன்ற மற்ற டிராக்கர்களிலும் புதுப்புது வசதிகள் வருகின்றன, இன்னும் வரப்போகின்றன என்கிறார்கள். அவற்றுக்காக மாறலாமா?

மாறலாம். ஆனால் இன்று கையால் தொட்டுப் பார்க்க முடிகிற வசதிக்காக மாறுங்கள். "அடுத்த காலாண்டில் வருகிறது" என்று பட்டியலில் மட்டும் இருக்கிற வசதியை நம்பி மாறாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சென்னையில் பதினான்கு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். பக்சில்லா, மேன்டிஸ், ரெட்மைன், ஜிரா என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு டிராக்கரைப் பழகி, இப்போது கிட்ஹப்பின் டிராக்கரான கிட்ஹப் இஷ்யூஸுக்கு வந்திருக்கிறேன். ஒரு வசதி நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான். பிழையைக் கண்ணால் பார்த்து, நேரம் ஒதுக்கி ஒருவர் உட்கார்ந்து எழுதினாரே, அவருக்கு இது என்ன செய்கிறது? வண்ண வண்ண சார்ட்டுகள் மேனேஜருக்குத் தேவைப்படலாம். அவற்றால் ஒரு பிழையும் சரியானதை நான் பார்த்ததில்லை.

இந்த அளவுகோல் எனக்கு ஒரு பில்லிங் மென்பொருளில் வேலை பார்த்தபோது கிடைத்தது. நெட்வொர்க் மெதுவாக இருந்தால் ஒரே பில் எண் இரண்டு முறை விழுந்தது. எப்போதும் இல்லை, எப்போதாவது. மூன்று நாள் போராடி நான்கே முறை அதை வரவைத்தேன். எத்தனை கவுன்ட்டர் திறந்திருந்தது, எந்த நேரம், லாக்கில் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவில்) என்ன வரி என்று எல்லாவற்றையும் எழுதிப் பதிந்தேன். யாரும் எடுக்கவில்லை. அந்த டிராக்கரில் அப்போதுதான் புதிதாக ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) போட்டிருந்தார்கள். அசைவில்லாமல் கிடக்கும் டிக்கெட்டை அதுவே மூடிவிடும். என் டிக்கெட்டையும் மூடியது. சில மாதம் கழித்து ஒரு கடைக்காரரின் ஜிஎஸ்டி கணக்கில் ஒரே எண்ணோடு இரண்டு பில் இருப்பதை அவருடைய ஆடிட்டர் பிடித்துவிட்டார். டெவலப்பர் அந்த மூடிய டிக்கெட்டைத் தோண்டி எடுத்து, அதில் இருந்த லாக்கை வைத்து ஒரே மதியத்தில் சரி செய்தார். தேவையான தகவல் அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தது.

அதனால், தானாக மூடும் வசதியை யாராவது பெருமையாகக் காட்டினால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். கிட்ஹப்பில் இதற்குப் பலரும் போடுகிற 'ஸ்டேல்' என்ற ஆக்ஷனை (தானியங்கி நிரலை) அப்படியே வைத்தால், 60 நாள் அசைவில்லாத டிக்கெட்டுக்கு ஒரு லேபிள் ஒட்டும், அதற்கப்புறம் 7 நாளில் மூடிவிடும். பிழை பழையதாகிவிட்டதா, யாரும் கவனிக்காமல் விட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. வேண்டுமென்றால் குறிப்பிட்ட லேபிள் உள்ள டிக்கெட்டுகளுக்கு மட்டும் ஓடும்படி வைக்கலாம். "எழுதியவரிடம் கேள்வி கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை" என்கிற வகைக்கு மட்டும் அது சரி. நம் பக்கம் வேலை பாக்கி இருக்கும் டிக்கெட்டை மூட அதை விடக் கூடாது.

சரி, எதற்காக மாறலாம்?

டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று கட்டும் வசதி கிட்ஹப்பில் இப்போதுதான் ஒழுங்காக வந்திருக்கிறது. இப்போது ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்குகிற மொசில்லாவுக்காக டெர்ரி வைஸ்மன் 1998இல் எழுதிய பக்சில்லாவில் "எதை நம்பி நிற்கிறது", "எதைத் தடுக்கிறது" என்ற இரண்டு கட்டங்கள் வெகு காலமாகவே உண்டு. கிட்ஹப் இஷ்யூஸ் 2009இல் வந்தது. ஆனாலும் பல வருடம், "45ஆம் எண் முடிந்தால்தான் இது" என்று கமென்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஓட்டினோம். ஒரு டிக்கெட்டுக்குள் துணை டிக்கெட்டுகள், டிக்கெட்டின் வகை, அது அல்லது இது என்று சேர்த்துத் தேடுவது ஆகியவை 2024 இறுதியில் சோதனைக்கு வந்து 2025இல் எல்லோருக்கும் கிடைத்தன. தடுக்கிறது, தடுக்கப்படுகிறது என்ற உறவு 2025 ஆகஸ்டில் வந்தது. ஒரு தாய் டிக்கெட்டுக்குக் கீழே 100 துணை டிக்கெட் வரை, 8 அடுக்கு வரை போகலாம். பத்துப் பேருக்கு இரண்டு அடுக்கே தாராளம். மூன்றாவது அடுக்குக்குப் போனால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போகும்.

இதனால் பிழை எழுதியவருக்கு என்ன லாபம்? "என் டிக்கெட் ஏன் நகரவில்லை?" என்று ஸ்டாண்டப் கூட்டத்தில் தினமும் கேட்க வேண்டியதில்லை. பேமென்ட் பகுதியை மாற்றி எழுதும் வேலை முடியக் காத்திருக்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே தெரியும். காரணம் தெரிந்தால் அடுத்த பிழையையும் மனம் கொடுத்து எழுதுவார்கள். தெரியாவிட்டால் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு எழுதுவதையே விட்டுவிடுவார்கள். பிழைகள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் ஒன்று, மேன்டிஸிலும் தாய், பிள்ளை, டூப்ளிகேட் என்ற உறவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் டீம் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால், முதலில் அதை ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள்.

படிவம் என்கிற விஷயமும் முக்கியம். 2016 ஜனவரியில் திறமூலத் (கோடை எல்லோரும் பார்க்கக்கூடிய) திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எந்தப் பதிப்பு, எப்படி வரவைப்பது என்று எதுவும் இல்லாமல் பிழைகள் வந்து குவிகின்றன, "எனக்கும் இதே" என்ற கமென்டுகள் அஞ்சல் பெட்டியை அடைக்கின்றன என்பவை அதில் இருந்த முக்கியமான குறைகள். அடுத்த மாதமே டிக்கெட்டுக்கு வார்ப்புரு வந்தது, அதற்கடுத்த மாதம் கமென்டுக்குக் கட்டைவிரல் காட்டும் வசதி வந்தது. பயன்படுத்துபவர்கள் ஒன்றுகூடிக் கேட்டதால் ஒரு கருவி நேராக வளர்ந்ததற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இது. 2021இல் நிரப்பும் கட்டங்களோடு முழுப் படிவமே வந்தது.

ஆனால் இங்கே நீங்கள் இழக்கப்போவது ஒன்று இருக்கிறது. மேன்டிஸில் "எத்தனை முறை வருகிறது" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, எப்போதும், சில சமயம், எப்போதாவது, முயலவில்லை, வரவைக்க முடியவில்லை என்று? என்னைப் பொறுத்தவரை ஒரு டிராக்கரில் இருக்கக்கூடிய மிக நல்ல கட்டங்களில் அது ஒன்று. "எப்போதாவது" என்று டெஸ்டர் நேர்மையாகச் சொல்ல அது இடம் கொடுக்கிறது. அந்த இடம் இல்லாத டிராக்கரில், தினமும் வராத பிழையை எழுதவே புது டெஸ்டர்கள் பயப்படுகிறார்கள். கிட்ஹப் படிவத்தில் இதே கட்டத்தை நீங்களே சேர்க்கலாம். ஆனால் அதில் தேர்ந்தெடுத்தது டிக்கெட்டின் உடலில் வெறும் வரியாகத்தான் போய் உட்காரும். அதை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கூடவே லேபிளும் போட வேண்டும். படிவத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தேன், என்ன வந்தது, எத்தனை முறை, எந்தப் பில்ட் (மென்பொருளின் எந்தப் பதிப்பு). கட்டாயக் கட்டம் ஏழெட்டு வைத்தால் ஆட்கள் வாய்க்கு வந்ததை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது ஏஐ. எல்லா டிராக்கரிலும் வந்ததாகவும் வரப்போவதாகவும் சொல்லப்படுகிற வசதிகளில் பாதி இதுதான். இதில் எனக்கு மதிப்பு உள்ள ஒரு வேலை, மொசில்லா 2019இல் வெளியிட்ட பக்பக். புதிதாக வரும் பிழை எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று பழைய பக்சில்லா பதிவுகளிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. அதற்குக் கற்றுக்கொடுத்த விதம் அழகு. டிக்கெட்டின் இன்றைய நிலையைக் காட்டாமல், முதல் நாள் பதிந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பின்னால் டெவலப்பர்கள் திருத்திய தலைப்பிலும் கமென்டிலும் விடை ஒளிந்திருக்குமே, அதைப் பார்த்துப் படித்தால் புது டிக்கெட்டில் தடுமாறும். போதுமான நிச்சயம் இல்லாவிட்டால் அது கை வைக்காது, ஆட்களுக்கே விட்டுவிடும். எந்த ஏஐ வசதியை டெமோவில் காட்டினாலும் "நிச்சயம் இல்லாதபோது என்ன செய்யும்?" என்று கேளுங்கள்.

உங்கள் அளவுக்கு, யாருக்கு ஒதுக்குவது என்று இயந்திரம் சொல்லத் தேவையில்லை, பத்துப் பேரில் அது எல்லோருக்கும் தெரியும். டூப்ளிகேட் காட்டும் வசதி உதவும். அதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால்தான். எழுதி முடித்த பிறகு டூப்ளிகேட் என்று முத்திரை குத்தி மூடினால் இரண்டாவது ஆள் பார்த்த புது விவரம் அதோடு போய்விடும். என் பில் எண் பிழையை வேறொரு டெஸ்டர் வேறு பிரின்டரில் பார்த்து எழுதியிருந்தால், அந்தப் பிரின்டர்தான் துப்பாக இருந்திருக்கும்.

ஏஐ டிக்கெட் எழுதித் தருவதில் எனக்கு இரண்டு மனம். இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் என்ற திறமூலக் கருவியை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத பாதுகாப்புக் குறைகளை ஏஐ வைத்து நேர்த்தியான ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறார்கள், அவற்றைப் பொய் என்று நிரூபிப்பதிலேயே தங்கள் நேரம் போகிறது என்று 2024 தொடக்கத்திலேயே எழுதினார். அந்த ஆபத்து உண்மை. இன்னொரு பக்கம், தமிழ் வழியில் படித்துவிட்டு எங்கள் டீமுக்கு வந்த ஒரு தம்பிக்கு அபாரமான கண். மற்றவர்கள் தாண்டிப் போகிற பிழையை அவன் பிடிப்பான். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியே பாதியைப் பதியாமல் விட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவன் தமிழில் எழுதுகிறான், கருவி ஆங்கிலமாக்குகிறது, இரண்டையும் டிக்கெட்டில் வைக்கிறோம். பார்க்காத எதையும் கருவி சேர்க்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஒரே விதி.

தமிழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இது பட்டியல்களில் எங்கும் இருக்காது, ஆனால் உங்கள் பயனர்கள் தமிழில் புகார் எழுதுகிறவர்கள் என்றால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். தேடல் கட்டத்தில் "ரசீது" என்று போட்டால் "ரசீதை அச்சிட்டால் நின்றுவிடுகிறது" என்ற டிக்கெட் வருகிறதா? சொல்லுக்குச் சொல் பொருத்துகிற தேடலில் வராது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசி உகரம் போய்விடுகிறது, கணினிக்கு அது வேறு சொல். மேன்டிஸ் எழுத்துத் துண்டைத் தேடுவதால் "ரசீத" என்று பாதியில் நிறுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. "கோ" என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத கருவியில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. உங்கள் பழைய டிக்கெட்டுகளில் பத்தை எடுத்துப் புது டிராக்கரில் போட்டுத் தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. நான் எந்தக் கருவியிலும் முதலில் கேட்கிற வசதி இந்தத் தேடல்தான்.

இனி வரப்போகும் வசதிகளை ஏன் நம்ப வேண்டாம் என்றேன்? கிட்ஹப் 2020 முதல் தன் திட்டப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது, அது நல்ல பழக்கம். ஆனாலும் டிக்கெட்டுக்குள் வேலைப் பட்டியல் போடும் ஒரு வசதி அங்கே பல காலம் சோதனையில் இருந்து, அதை நம்பிச் சிலர் வேலைமுறையே அமைத்த பிறகு, 2025இல் நிறுத்தப்பட்டது. துணை டிக்கெட் அதன் இடத்துக்கு வந்தது. ஜிராவில் இன்னும் பெரிய கதை. சொந்த சர்வரில் வைத்து ஓட்டும் பதிப்பை நிறுத்தப்போவதாக ஜிராவின் நிறுவனமான அட்லாசியன் 2020 அக்டோபரில் அறிவித்தது, 2024 பிப்ரவரி 15 அன்று ஆதரவு முடிந்தது. பெரிய நிறுவனங்கள் தாங்களே ஓட்டும் டேட்டா சென்டர் பதிப்பும் 2029 மார்ச்சோடு முடியும் என்று 2025இல் சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே சொல்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வசதியைக் கொடுப்பதும் எடுப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் மேன்டிஸ் உங்கள் மெஷினில் இருக்கிறது.

ஆகவே மாறுவதென்றால் டிக்கெட்டுகளை முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கமென்ட், இணைப்பு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு, எல்லாம் வர வேண்டும். பைத்தான் நிரல்மொழித் திட்டம் 2022 ஏப்ரலில் தன் பழைய டிராக்கரிலிருந்து கிட்ஹப்புக்கு மாறியபோது பழைய தளத்தை மூடவில்லை. படிக்க மட்டும் முடிகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு பழைய டிக்கெட்டிலும் புது டிக்கெட்டுக்கு இணைப்பு போட்டார்கள். நீங்களும் மேன்டிஸை அப்படியே விட்டுவையுங்கள். கோட் கமென்டிலும் கமிட்டிலும் (ஒவ்வொரு கோட் மாற்றத்தோடும் எழுதும் குறிப்பிலும்) உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருக்கும் எண்களெல்லாம் மேன்டிஸ் எண்கள். அவை திறக்காமல் போனால், அந்த வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று பிற்பாடு கேட்க ஆள் இருக்காது.

எந்த மேன்டிஸ் பதிப்பு, டேட்டாபேஸ் எது, எத்தனை டிக்கெட் என்று கமென்டில் போடுங்கள். படிவம் எப்படி அமைக்கலாம் என்று எங்களுடையதைத் தருகிறேன்.