என்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றப் பழைய லோரி தேடுவோரின் கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்துள்ளன.

கேள்வி: நான் பார்த்த மூன்று டன் லோரி, சாவியைத் திருப்பிய உடனே கிளம்பியது. ஓசையும் சீராக இருந்தது. முன்பணம் கொடுக்கலாமா?
(பாகான் செராய் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது என்ஜின் குளிர்ந்திருந்ததா என்பதை எழுதவே இல்லை. பழைய லோரி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எத்தனை முறை எழுதினாலும், முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு மதிய வேளையில் போய்ப் பார்ப்பவர்களே அதிகமாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதற்குள் விற்பவர் அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டிருப்பார். சூடேறிய என்ஜினில் டீசல் எளிதாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்த வண்டியும் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். வால்வு சீல் வழியாக இரவெல்லாம் கசிந்து தங்கிய எண்ணெய், காலையில் முதல் முறை கிளப்பும்போது நீலப் புகையாக வெளியேறும். மதியம் போனவருக்கு அது தெரியவே தெரியாது.

2011-இல் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். நண்பகலில் பார்த்து, 22,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஓட்டி வந்த லோரி, மறுநாள் விடியற்காலையில் ஏழெட்டு முறை சாவியைத் திருப்பிய பிறகே, கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையோடு கிளம்பியது. எரியாத டீசலின் புகை அது. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய ஆன 7,000 வெள்ளி, மகளின் படிப்புக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

சொல்லாமல் காலை ஏழு மணிக்குப் போங்கள். கிளப்புவதற்கு முன் என்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால், வேறொருவரைக் கிளப்பச் சொல்லிவிட்டு நீங்கள் புகைக்குழாயின் பக்கம் நில்லுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையும் வந்தால், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வேகம் கூட்டும்போது கீழ்ப்பக்கத்திலிருந்து கனத்த தட்டலோசை எழுந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: என்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்திருக்கிறார். நன்றாகப் பராமரித்தவர் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது, கசிவின் தடமும் கழுவிய நீரோடு போயிருக்கும், ஆகையால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அடியில் மீண்டும் பாருங்கள்.

கேள்வி: புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனையில் தேறிய வண்டி என்பதால் ஓட்டிப் பார்க்காமலே வாங்கினேன். பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது, எரியும் வாடையும் வருகிறது. என்ன செய்யலாம்?
(தெலுக் இந்தான் வாசகர்)

பதில்: சரக்கு லோரிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனை, அந்த நாளில் வண்டி இருந்த நிலையை மட்டுமே சொல்லும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் உங்கள் கையும் மூக்கும் இதைச் சொல்லியிருக்கும். இவ்வளவு பணத்தைப் போடுபவர் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் தொடாமல் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. பட்டறையில் சரிசெய்யும்வரை ஒரு குலைகூட ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் 18,000 வெள்ளிக்கு லோரி வாங்கினார். கியர்பெட்டி புதிதாகச் செய்தது என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர், இரண்டே வாரத்தில் அது அலறத் தொடங்கியதும் கைவிரிக்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார், அவருக்குப் பொய்யான பதில் தரப்பட்டிருக்கிறது. இதில் அவர்மீது குற்றம் காண எதுவுமில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வாங்கும் பொருள்களுக்கானது. தொழிலுக்கு வாங்கிய லோரிக்கு அந்த மன்றம் உதவாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். கியர்பெட்டியைப் பிரிப்பதற்கு முன் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரித்த பின், பட்டறைக்காரரிடம் படங்களுடன் எழுத்து அறிக்கை பெறுங்கள். அலறலைச் சிறிது காலம் அடக்குவதற்காகத் தடித்த எண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு என்பதால், வடித்த எண்ணெயில் ஒரு போத்தல் எடுத்து வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 62, காது மந்தம். தனியாகப் போய் லோரி பார்க்க முடியுமா?

பதில்: பாதி வேலையை உங்கள் கையே செய்யும். கியர்க் கம்பியில் கை வைத்தால் அதிர்வு தெரியும். ஸ்டியரிங்கின் நடுக்கமும் கிளட்ச் மிதியின் உதறலும் காது கேட்பவருக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் சக்கர இரைச்சலுக்கும், வண்டி நகரத் தொடங்கும்போது அடியில் எழும் ‘டக்’ என்ற ஓசைக்கும் மட்டும் காது வேண்டும்; அதற்கு மகனையோ மருமகனையோ பக்கத்து இருக்கையில் அமர்த்தி, வானொலியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.